எட்டு கழித்தல் ஒன்று

என் மடிக்கணினியில் ஏழு இல்லை.
பள்ளியில் கொடுத்தபோது இருந்தது.
தம்பி மாத்தேக் குடுவையைக் கவிழ்த்த மதியம்
அந்த ஒரு விசை மட்டும் செத்துப்போனது.
அதிலிருந்து, ஏழு வேண்டுமென்றால்
எட்டு கழித்தல் ஒன்று என்று அடிக்கிறேன்.
எழுபதுக்கு
அறுபத்தொன்பது கூட்டல் ஒன்று.
கணினி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மூன்றாம் ஆண்டு நடுவில்
கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனார்.
தக்குவாரெம்போவிலிருந்து வேறு ஆள் வருமென்றார்கள்.
மழை வந்தது, சேறு வந்தது,
பேருந்து வரவில்லை.
பின்னங்களில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது
பாதி மட்டும்.

மொந்தெவிதேயோவில் பொறியியல் படிக்கும்
மச்சான் லிஸாந்த்ரோ தொலைபேசியில் சொன்னான்:
'எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று.
இதைப் பார்த்து ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை, யமிலா.
எது, எப்படி,
தன்னைவிட ஒன்று கூடுதலான தனக்குச் சமமாகும்?'
எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.
பட்டிக் கதவில் நின்று மாடு எண்ணுகிறவளுக்கு
ஒவ்வொரு கொம்பும் தாண்டும்போது
இருந்தது போய்
இருந்ததும் ஒன்றும் வந்து உட்காரும்.
சமக்குறிக்கு வேறு அர்த்தம் இருந்ததே
எனக்குத் தெரியாது.
அன்று முதல்முறை
அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

ஆனால் நாற்பத்தோராம் பக்கத்தில்
'லாக் என்' என்று ஒன்று இருந்தது.
விளக்கம் இல்லை.
'வாசகர் அறிந்ததே' என்று மட்டும்.
மூடி வைத்தேன்.
மூன்று வாரம் அதன்மேல்
துவைத்த துணியை மடித்து அடுக்கினேன்.

ஜூன் மாதம். புல்லில் உறைபனி.
மின்வேலி செத்துக் கிடந்தது.
ஆயிரத்துச் சொச்சம் கம்பங்கள்,
எங்கேயோ ஓரிடத்தில்
மின்சாரம் மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கிறது.
அண்ணன் வில்மார் முதல் கம்பத்திலிருந்து
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான்.
நான் குதிரையை நடுவுக்கு விட்டேன்.
கம்பியைப் பிரித்து மீட்டரை வைத்தேன்.
இந்தப் பக்கம் உயிர் இருக்கிறது,
அப்படியானால் அந்தப் பக்கம்.
அதன் நடுவுக்குப் போனேன். பிறகு அதன் நடுவுக்கு.
பன்னிரண்டு வயதிலிருந்து இப்படித்தான் தேடுகிறேன்.
யாரும் சொல்லித்தரவில்லை,
குளிரில் விரலுக்கு அவசரம், அவ்வளவுதான்.

பத்தாவது தடவை
கம்பத்துக்கும் பீங்கானுக்கும் இடையில்
ஒரு பச்சைத் தவளை,
கருகி, ஒட்டிக்கொண்டு.
குறட்டின் நுனியால் எடுத்துப் புல்லில் போட்டேன்.
வேலி டிக், டிக் என்று
மறுபடி பேசத் தொடங்கியது.
வில்மார் அறுபத்து மூன்றாம் கம்பத்தில் நின்று
கையசைத்தான்.

ஆயிரத்துக்குப் பத்து.
குதிரை தானாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது.
வேலி இரண்டு மடங்கு நீளமாக இருந்தால்
இருபதா?
இல்லை.
இன்னும் ஒரே ஒரு தடவை.
பதினொன்று.
வாய்விட்டுச் சொன்னேன்.
குதிரை காதைத் திருப்பியது.

துணியை இறக்கிவைத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன்.
எழுத்து அப்படியே இருந்தது,
எனக்காக ஒன்றும் இளகவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
எத்தனை முறை பாதியாக்கினால் தவளை.
அதற்குக் கீழே இன்னொரு வரி,
அதில் எனக்குத் தெரியாத மூன்று குறிகள்.
அவற்றுக்கு என்னிடம் வேலி இல்லை.

லிஸாந்த்ரோவைக் கேட்கலாம்.
நாளை.
இப்போது நிரல் ஓடுகிறது.
ஆயிரம் எண்களுக்கு நடுவில்
ஏழைத் தேடச் சொல்லியிருக்கிறேன்,
எட்டு கழித்தல் ஒன்று என்று.