அரை மணி

விடிந்ததும் தைராய்டு மாத்திரை.
அப்புறம் அரை மணிக்கு மாத்தே இலைத்தண்ணீர் கிடையாது.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து
கால்விரல்களை எண்ணுகிறேன்.
கண்ணால் பத்து.
தொட்டு எண்ணினால் ஏழோ எட்டோ.

ரத்தம் இப்போது ஒழுங்காம்.
டாக்டர் இரியார்த்தே தாளைத் திருப்பிக் காட்டினார்,
எல்லா எண்ணும் வரம்புக்குள்.
என் உள்ளங்கால் அந்தத் தாளைப் படிக்கவில்லை.
இரவில் போர்வை பட்டால் போதும்,
எறும்புப் புற்றை யாரோ உதறுகிறார்கள்.

பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டினேன்,
மோந்தேவிதேயோ கடற்கரைச் சாலையில்.
பிரேக் எவ்வளவு அமுங்கியது என்பது
பாதத்தின் விஷயம். நான் தலையிட்டதில்லை.
மார்ச்சில் ஒரு சிவப்பு விளக்கில்
குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று,
கால் எங்கே இருக்கிறதென்று.
அன்று மாலையே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது தொலைந்த பொருட்கள் அறை.
குடைகள், ஒற்றைக் கையுறை, யாருடையதோ பல்செட்.
வருகிறவர்களிடம் கேட்கிறேன்:
என்ன நிறம்? எந்த நிறுத்தம்?
கடைசியாக எப்போது இருந்தது?
அதற்கு மட்டும் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை.

நேற்று ஒஸ்வால்தோ என் ஷூவுக்குள்ளிருந்து
ஒரு சட்டைப் பொத்தானை எடுத்தான்.
"நாள் பூரா இதோடவா நடந்தே, நேலிதா?"
குதிகாலில் அதன் நான்கு துளைகளும் பதிந்திருந்தன.
சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.
இன்று சொல்லாமலே
இரண்டு ஷூவையும் கவிழ்த்துத் தட்டுகிறான், வாசலில்.

இன்னும் பத்து நிமிடம்.
கெட்டில் முனகுகிறது.
விரல்நுனிகளை நம்புவதில்லை.
முழங்கையை நீட்டிப் பார்க்கிறேன்:
ஆ, சுடுகிறது.