ஒன்றரை ஷிப்ட்

படிவத்தின் முதல் கேள்வி: பொருளின் பெயர்.
டிரம்மில் ஒட்டியிருந்த தாளை
யாரோ நகத்தால் பாதி சுரண்டியிருந்தார்கள்.
மிச்சத்தில் தெரிந்தது: கலவை, மாறுபடும்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சுகையில்
இந்தச் சூட்டுக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவே
ஆவியாகிப் பிடிபட்டதெல்லாம் இதற்குள் இருக்கிறது.
நூறு உறுப்பினர், ஒரே ரேஷன் கார்டு.
ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட
பெருந்துறையில் இருக்கும் எங்கள் கருவியாலும் ஆகாது.
"கறைத்தண்ணின்னு போடுங்க மேடம்,
திருப்பூருக்கே தெரியும்," என்றார் சபரிநாதன்.
போட்டேன்.

வேலம்பாளையம், மூன்றாவது மாடி.
நிட்டிங் மெஷின் ஊசி சிந்திய எண்ணெய்
வெள்ளைத் துணியில் கடுகளவு மஞ்சளாய் உட்கார்ந்திருக்கும்.
இரண்டு வயதுப் பிள்ளைக்கான சட்டை,
நெஞ்சில் ஒரு நீல யானை.
மயிலாத்தாள் துப்பாக்கியை நீட்டுவார்.
ஸ்ஸ்.
கடுகு போய்விடும்.
எங்கே போனது என்று கேட்பதுதான் என் வேலை.

சேலைக்கு மேல் அவர் போட்டிருந்தது கணவரின் பழைய சட்டை.
அதன் காலரில் பேட்ஜைக் குத்தினேன்.
பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது,
உள்ளே கரி. சத்தமில்லாமல் காற்றைத் தின்னும்.
"வாசம் எப்படிங்க்கா இருக்கும்?"
"மொதல்ல தலைய வலிக்குமுங்க.
இப்ப ஒண்ணுந் தெரியறதில்லீங்க.
கறிவேப்பிலை தாளிச்சாலும் தெரியறதில்லீங்க."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

அன்று ஜன்னல் ஆறும் திறந்திருந்தன.
புது ஃபேன், அதன் அட்டைப்பெட்டி இன்னும் மூலையில்.
மாஸ்க்கில் மடிப்பு கலையவில்லை.
கறையும் அன்று குறைவாகவே வந்தது.
ஒரு வாரம் முன்பே கடிதம் போட்டுவிட்டுத்தான் வருகிறோம்.

வரம்பு எண் எட்டு மணி நேரத்துக்கானது.
"எட்டு மணி நேரமா?" சிரித்தார்.
"ஒன்றரை ஷிப்டுங்க. கப்பலுக்குச் சரக்குப் போற வாரம் ரெண்டு."
வேலை நீண்டால் வரம்பைக் குறைக்க ஒரு வாய்ப்பாடு உண்டு.
குறைத்தேன்.

ஐந்து பேட்ஜ் கொடுத்ததில் மாலையில் நான்கு திரும்பின.

மறுநாள் விடிந்ததும் லைன் வீட்டுக்குத் தேடிப் போனேன்.
பத்துக்குப் பத்து அறை. ஆணியில் அந்தச் சட்டை,
காலரில் பேட்ஜ்,
நேர் கீழே பாயில் மகன், வாய் திறந்த தூக்கம்.
ஒரே ஜன்னல், கொசுவுக்காகச் சாத்தியது.
வாசலில் நீல டிரம். அதே தாள், அதே பாதி.
உள்ளே உப்புத்தண்ணி.
"கம்பெனியில நூத்தம்பது ரூவாய்க்குக் குடுத்தாங்க.
மூணு வாட்டி சோப்புப் போட்டுக் கழுவுனனுங்க."
கழுவின தண்ணி?
கையை நீட்டிக் காட்டினார்.
சாக்கடை, அது போய் ஓடை, ஓடை போய் நொய்யல்.
அதற்கு மேல் என்னிடம் தாள் இல்லை.

முடிவு வந்தது. நான்கும் வரம்புக்குள்.
ஐந்தாவது, நேரம் தவறியதால், செல்லாது.
விதி சரிதான், கையெழுத்தும் என்னுடையதுதான்.
ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தேன்.
மில்லிகிராமில் ஒரு வீடு தெரிந்தது.
எது கம்பெனியில் ஏறியது, எது பாய்க்கு மேல் ஏறியது
என்று பிரிக்க வழியில்லை. டிரம்மில் இருப்பதைப்போலவே.

யானைச் சட்டைக்குச் சான்றிதழ் உண்டு.
வெட்டி, ஊறவைத்து, பிழிந்து பார்த்திருக்கிறார்கள்.
குழந்தை காலரைச் சப்பினாலும் பயமில்லை.
நம்புகிறேன். நல்ல சோதனை அது.

"என்னங்க வந்துச்சு எனக்கு?"
"உங்களுது செல்லலைங்க்கா. மறுபடியும் வெய்க்கணும்."
துப்பாக்கியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்,
"அப்ப, சொல்லாம வாங்க."

படிவத்தின் கடைசிக் கட்டம்: அடுத்த வருகை, தேதி.
எழுதாமல் விட்டேன்.