இடைநில்லாப் பேருந்து

ஐந்தாம் முறை எழுந்து
சுவரில் கை ஊன்றி நிற்கிறேன்.
வரும் என்கிறது. வரவில்லை.
வந்தது நாலு சொட்டு.
அதற்குள் தெருவில் பால்வண்டி.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.
பி.எஸ்.ஏ. ஐம்பத்துநாலு என்றார் சின்ன வயசு டாக்டர்.
என் வண்டியிலும் சீட்டு ஐம்பத்துநாலுதான்.
நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று
கேட்க வாய் வந்தது.
எலும்பு ஸ்கேனில் தெரிந்தது:
இடுப்பில் இரண்டு பேர்,
முதுகில் ஒருவர்.

இருபத்தெட்டு வருஷம் தேனி ரூட்.
ஆரப்பாளையத்தில் எடுத்தால்
உசிலம்பட்டியில்தான் நிற்கும்.
செக்கானூரணி தாண்டி ஒருநாள்
கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார் ஒரு பெரியவர்.
"ஒரு நிமிஷம் ஓரங்கட்டச் சொல்லுப்பா."
ஏறும்போதே போயிட்டு வர்றதுக்கென்ன என்றேன்.
பின்சீட்டில் சிரித்தார்கள். நானும்.
மஞ்சப்பையை வேட்டிக்கு முன்னால் பிடித்தபடி
உசிலம்பட்டியில் இறங்கினார்.
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த
இரண்டு ரூபாய் சில்லறையைக் கேட்கவில்லை.
நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி,
தொப்புளுக்குப் பக்கத்தில்.
ஆம்பளைச் சுரப்பை நிறுத்திடும் என்று சொல்லும்போது
டாக்டர் வெள்ளத்தாயைப் பார்க்கவில்லை.
அவள்தான் அவரைப் பார்த்து,
மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்றாள்.

தை மாசம், மணி மூணு.
உள்ளங்காலில் புறப்பட்டுக்
காது வரை ஏறுகிறது ஒரு தீ.
பனியனைக் கழற்றி எறிகிறேன்.
ஃபேனை அஞ்சில் வைக்கிறேன்.

இவளுக்கும் வந்தது, நாற்பத்தேழு வயசில்.
மார்கழியில் ஃபேன் போட்டாள்.
விடிந்தால் டூட்டி,
கரண்டு பில்லை உங்கப்பனா கட்டுவான் என்று
எழுந்துபோய் அணைத்தேன்.
இருட்டில் முந்தானையால் விசிறிக்கொள்ளும் சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டது.
பிறகு நான் தூங்கிவிட்டேன்.

அதை இப்போது சொல்லலாமா என்று பார்த்தால்
தலையோடு இழுத்துப் போர்த்திக்
கிடக்கிறாள், குளிரில் முழங்கால் மடக்கி.
ரெகுலேட்டரில் கை வைத்தேன்.

"இருக்கட்டும், ஓடட்டும்"
என்றது போர்வை.
"எந்திரிச்சதுதான் எந்திரிச்சீக,
ஒருக்கா போயிட்டு வந்து படுங்க."