நான்காம் படி

ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
பதினோரு கேள்வி, பதினோரு கோடு.
பழைய திபிலிசியின் சந்துகளில் அலைந்து
ஒரு மணிக்குள் நிரப்பி வரவேண்டும்.
மக்வாலா டீச்சர் சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.
"வழி தப்பினால் கீழே இறங்குங்கள்.
இந்த ஊரில் எல்லாச் சரிவும்
கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது."

நாங்கள் ஐந்து பேர்.
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
கேட்காமலே ஆறாவதாகச் சேர்ந்தது.

கோட்டை எந்தத் திசையில்?
நிமிர்ந்தால் போதும், எழுதிவிட்டோம்.
இரண்டாவதற்கு மூக்கே போதும்.
கந்தகக் குளியல் கூடங்களின் செங்கல் கும்மட்டங்கள்
கவிழ்த்த சட்டிகளாகத் தரையில் கிடந்தன.
அழுகிய முட்டை வாசம்.
"அரசர்கள் இதிலா குளித்தார்கள்?" என்றாள் ஸாலோமே.
வாகோ தன் அக்குளை மோந்து பார்த்து
"அப்படியென்றால் நானும் அரசன்தான்" என்றான்.
மூன்றும் நான்கும் எப்படிப் போயின என்று நினைவில்லை.
திராட்சைப் பாகில் தோய்த்த வாதுமைச் சரங்கள்
மெழுகுவர்த்திபோல் தொங்கிய கடையில்
நேரம் ஒட்டிக்கொண்டது, விரல்களோடு.

ஐந்தாவது:
சோலோலாகி ஏற்றத்தில்
பழைய வீடொன்றின் நுழைவுக்கூடத்தை வரைக.

கதவு திறந்தே இருந்தது.
உள்ளே கால் வைத்ததும் பேச்சு நின்றது.
கூரையில் ஒரு வானம்.
நீலம் உரிந்த இடமெல்லாம் சுண்ணாம்பு மேகம்.
மூலைக்கொரு குண்டுக் குழந்தை பறந்தது.
ஒன்றுக்கு முகமில்லை;
வாயிருந்த ஓட்டை வழியே
மின்கம்பி உள்ளே போயிற்று.
சுவர் சரியாதிருக்கத்
துருவேறிய இரும்புத் தூண் முட்டுக்கொடுத்து நின்றது.
அதில் தபால்பெட்டிகளைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

"ஐயோ, எவ்வளவு அழகு!"
கைபேசிகள் எழுந்தன. படியேறினோம்.
நான்காம் படியில் வாகோ தடுக்கினான்.
நான் தடுக்கினேன்.
பார்பரே தடுக்கி என் பையைப் பிடித்தாள்.
நாய்கூட நின்று யோசித்துவிட்டுத் தாவியது.
தோர்னிகே மட்டும்,
வீடு பூங்காப் பக்கம் என்று
ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லி வந்தவன்,
கூரையை அண்ணாந்து பார்த்தபடியே
மூன்றிலிருந்து ஐந்துக்குக் கால் வைத்தான்.

நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

மேலே ஒரு கதவு திறந்தது.
ஈரப் போர்வை பிதுங்கும் வாளியோடு ஒரு பெண்.
காலில் ஆண்கள் செருப்பு.
எங்கள் தாள்களைப் பார்த்தாள். கைபேசிகளைப் பார்த்தாள்.
வரிசையின் கடைசியில்
ஷூ நாடா கட்டக் குனிந்து
நிமிராமலே இருந்த ஒருவனைப் பார்த்தாள்.
வாளியிலிருந்து தண்ணீர் சொட்டியது,
எண்ணலாம்போல.
பிறகு எல்லோரையும் கேட்பதாகக் கேட்டாள்:
"எந்தப் பள்ளிக்கூடம் நீங்கள்?"

சொன்னோம்.
"நல்ல பள்ளிக்கூடம். கேள்விப்பட்டிருக்கிறேன்."
வாளியை மறுகைக்கு மாற்றினாள்.
"வரையுங்கள், வரையுங்கள்.
மழைக்கு அந்த மூலை ஒழுகும், அதையும் வரையுங்கள்.
இறங்கும்போது நான்காம் படி. பார்த்து."

வாகோ அவசரத்தில் ஐந்து குழந்தைகள் வரைந்தான்.
இருந்ததோ நான்கு.

இறங்கினோம்.
இந்த முறை நாங்கள் யாரும் தடுக்கவில்லை.
தோர்னிகே தடுக்கினான்.
அவ்வளவு நன்றாகத் தடுக்கினான்,
முழங்கால் சிராய்த்து ரத்தம் எட்டிப் பார்த்தது.
வாகோ சிரித்தான்.
மேலே
வாளி தரையில் மோதிய சத்தம்.
இரண்டு படி இறங்கிய செருப்புச் சத்தம்.
பிறகு சத்தமில்லை.

ஆறாவது கேள்வி:
இந்த வீட்டில் இப்போது வசிப்பவர் யார்?
தெருவிலேயே நின்று எழுதினார்கள்.
"ஒரு பெண்" என்றாள் ஸாலோமே.
"துணி துவைப்பவள்" என்றான் வாகோ.
தோர்னிகேயின் தாளை நான் எட்டிப் பார்க்கவில்லை.

என் கோடு காலி.
மக்வாலா டீச்சர் ஒரு மதிப்பெண் குறைத்து,
பக்கத்தில்
"அங்கே போகவே இல்லையா?" என்று
சிவப்பு மையில் கேட்டிருந்தார்.