பதினான்கு நாள் தவணை

இருநூற்று நாற்பது பிராங்க்.
ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பழைய கணினிகளைத் துடைத்து விற்கும் கடை.
முன்பு ஏதோ வங்கிக்காரர் தட்டியதாம்.
"பதினான்கு நாள். பிடிக்காவிட்டால் கொண்டு வாருங்கள்,
காரணம் கேட்கமாட்டேன்" என்றார் நீஃபெனெக்கர்.

ஒரு கிலோவும் நூறு கிராமும்.
நம்பாமல் அரிசி நிறுக்கும் தராசில் வைத்தேன். சரிதான்.
மின்னூட்டியையும் சேர்த்து வைத்ததும்
முள் இன்னொரு அரைக்கிலோ நகர்ந்தது.
அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அகதி அலுவலகம்,
கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறவள் நான்.
பேசும் மணிக்குக் கூலி உண்டு,
ரயிலில் போகும் மணிக்கு இல்லை.
ஆகவே ரயில்தான் என் அலுவலகம்.
குப்பைத்தொட்டிக்கு மேல், ஜன்னலோரம்,
இரண்டு கை அகலம் ஒரு பலகை.
அதில் இது உட்கார்ந்தது. காப்பிக்கும் இடம் விட்டது.

தூண் தாண்டி ஏரி வந்ததும்
திரை கண்ணாடியாகிவிட்டது.
நுரையீரல் பற்றிய சொற்பட்டியல் மறைந்து
என் மூக்குத்தியும் பின்னால் ஒரு பனிமலையும்.
கொட்ஹார்ட் சுரங்கத்துக்குள்
அறுபத்தொரு வீதத்தோடு நுழைந்தேன்,
வெளிச்சத்துக்கு வரும்போது ஐம்பத்திரண்டு.
ஒன்பது வீதம் மலைக்குக் காணிக்கை.
ஏழு மணிநேரம் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள்.
நாலு. குளிருக்கு மூன்றரை.

பிறகு அந்த விசைப்பலகை.
இந்த ஊர் வழக்கப்படி
வை இருக்கவேண்டிய இடத்தில் ஸெட்,
ஸெட் இருக்கவேண்டிய இடத்தில் வை.
என் விரல்களுக்கு அது தெரியாது.
மழை மயையானது.
பாழ் என்றால் பாய் விரித்தது,
வாழ் என்றால் வாய்.
மொழிபெயர்ப்பாளர் என்று என் தொழிலை அடித்தேன்,
மொயிபெழர்ப்பாளர் என்று பதில் வந்தது.
பெட்டியில் தனியாக இருந்து சிரித்தேன்.
திருப்பிக் கொடுப்பதென்று அப்போதே முடிவு.

பதினோராம் நாள், பீல், மூன்றாம் மாடி.
கிருபைநாதன், விடுதிச் சமையற்காரர், தொண்டையில் கட்டி.
டொக்டர் படிவம் பார்த்துக் கேட்கிறார்:
திட உணவு? மென்மையானவை? எத்தனை நாளாக?
"பழங்கூட விழுங்க ஏலாது" என்கிறார் அவர்.
என் வாய் ஜெர்மனுக்குத் தயாராகும்போது
விரல் குறித்துக்கொள்கிறது.
அவர் எட்டித் திரையைப் பார்க்கிறார்.

பயங்கூட விழுங்க ஏலாது.

அழிக்கப் போன என் கையைத் தடுத்தார்.
"விடுங்கோ. அதுவும் சரிதான்."

என்ன சொன்னார் என்று டொக்டர் கேட்டார்.
சொன்னதை மட்டும் சொல்வது என் சத்தியம்.
சொன்னது எது?
ஒப்ஸ்ட் என்றேன். பழம்.
பிறகு ஆங்ஸ்ட் என்றேன். பயம்.
அந்த மொழியிலும் இரண்டுக்கும் வால் ஒன்று.
டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு
படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார்.
கிருபைநாதன் இருபது நிமிடம் பேசினார்.
அதில் ஒரு சொல்லைக்கூட நான் குறிக்கவில்லை.

குறித்ததையும் அன்றிரவே அழித்தேன், விதி அது.

பதினான்காம் நாள் கடையில்,
காரணம் கேட்காதவர் கேட்டார்.
விசிறி இரைகிறது, கீல் ஆடுகிறது,
வெயிலில் ஒன்றும் தெரிவதில்லை.
எல்லாம் உண்மை.
ஆனாலும் மூடியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.
அவர் கையைத்தான் பார்த்தார்.
கீலுக்கு ஒரு திருகு போட்டார்,
பதினைந்து பிராங்க் திருப்பிக் கொடுத்தார்.

விசைகளை ஊருக்கு ஏற்ப மாற்ற அரை நிமிடம் போதும்.
மாற்றிவிட்டேன்.
இப்போது பழம் என்றால் பழம்தான் வருகிறது.
ஒரு தரம் வாசித்துப் பார்த்தே நம்புகிறேன்.

செவ்வாய் மறுபடி பீல், எட்டே கால்.
மின்னூட்டியை மறக்கக்கூடாது.