சணலில் கட்டிய நோட்டு

கோத்தகிரி சப்ஸ்டேஷனில்
அரசாங்கப் பதிவேடு ஒன்று உண்டு.
வோல்ட், ஆம்பியர், மணி, கையெழுத்து.
அதற்குக் கீழே ஆணியில்
சணலில் தொங்குவது வேறு நோட்டு.

"மூணாவது ஃபீடர் விழுந்தால்
முதலில் கட்டபெட்டு வளைவைப் பார்.
சில்வர் ஓக் கிளை. வெட்டச் சொல்லி
மூன்று கடிதம் போட்டாயிற்று."
போஜன் எழுதியது. எல்லா எழுத்தும்
காற்றடித்த மாதிரி இடப்பக்கம் சாயும்.

"விடிகாலை கேட்டில் காட்டெருமை நின்றால்
ஹாரன் வேண்டாம். பத்து நிமிஷம். அதுவே போகும்."
பெயரில்லை.
கீழே வேறு மையில்:
"இருபது நிமிஷம்."

எழுதச் சொல்லி உத்தரவு கிடையாது.
எழுதியவருக்கு ஒரு டீ கூட
எவரும் வாங்கித் தந்ததில்லை.

தை மாதம் மேலிடத்திலிருந்து தாள் வந்தது:
அதிகக் குறிப்பு எழுதுகிறவருக்குச்
சான்றிதழும் சுவர்க் கடிகாரமும்.
ஒரே வாரத்தில் பதினான்கு பக்கம்.
"கையுறை அணிக."
"கையுறை அணிவது நல்லது."
"அனைவரும் கையுறை அணிவோம்."
கடிகாரம் குரியனுக்குப் போனது.
அதன்பின் ஆடி வரைக்கும்
தூசிதான் கையெழுத்துப் போட்டது.

ஆடிக் காற்று. ராத்திரி இரண்டே கால்.
ஐந்தாம் பிரேக்கரில் ஸ்பிரிங் ஏறவில்லை.
மறுபடி. மறுபடி.
அலுத்துப்போய்
கைப்பிடியைப் பாதியில் நிறுத்தி
ஒரு மூச்சு விட்டுத் தள்ளினேன்,
பிடித்துக்கொண்டது.
ஏனென்று தெரியாது.
சாக்ஸெல்லாம் ஈரம்.

காலை ஷிப்ட் ஞானசிகாமணி.
எனக்கு வரவேண்டிய குன்னூர் மாறுதலை
மச்சினனுக்குத் திருப்பிவிட்டவர்.
எட்டு மாதமாகச் சாவியை
மேசையில் வைக்கிறேன்,
அவர் கையில் தருவதில்லை.

திண்டாடட்டும் என்று
ஒரு கணம் நினைத்தேன்.
பொய் எதற்கு, இரண்டு கணம்.

வேலைக்கு வந்த முதல் மழையில்
கதவுக்கு நீண்ட என் கை
ஒரு வரியில் நின்றது:
"இரண்டாம் பேனல் ஈரத்தில் கடிக்கும். தொடாதே."
யார் எழுதியதென்று கேட்டுப் பார்த்தேன்.
எவருக்கும் நினைவில்லை.
அந்த ஆளுக்கும்
அடுத்த ஷிப்ட்டைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

பேனா உறைந்திருந்தது. ஹீட்டரில் காட்டி எழுதினேன்:
"ஐந்தாம் பிரேக்கர். பாதியில் நிறுத்து.
மூச்சு விடு. தள்ளு."
என் பெயரைப் போட்டு, பிறகு அடித்தேன்.

மறுநாள் கீழே,
பச்சை மையில், குண்டு குண்டாக:
"இரண்டு மூச்சு."

சாவியை
மேசையில்தான் வைத்தேன்.