நூற்றிப் பதிமூன்றாம் பக்கம்

கம்பாலா நகரத்து நாவல் ஒன்றைத்
தமிழில் கொண்டுவருகிறேன்
அஸ்தம்பட்டியில், மாடி போர்ஷனில்,
கரண்ட் இருக்கும் இரவுகளில்.

முகிசா பைக் டாக்சி ஓட்டுகிறான்.
வஸ்வா கணக்கு வாத்தியார்.
ஒரே அறை.
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில்
வஸ்வாவின் அம்மா ஒன்று கேட்கிறாள்.
அகராதியைத் தொடவே இல்லை நான்.
"நாலு பேருக்கு என்ன பதில் சொல்றது?"
தானாக வந்து உட்கார்ந்தது,
செவ்வாய்ப்பேட்டையில் பிறந்த வாக்கியம்போல.

அங்கேயும் நாலு பேர்தானா என்று
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பக்கம்தான் நகரவில்லை.
முகிசா அவனை ஒரு சொல்லால் கூப்பிடுகிறான்.
தோழர் என்றால் சங்கக் கூட்டம்.
நண்பன் என்றால் பொய்.
காதலன் என்று எழுதி அனுப்பினேன்.
பிழை திருத்துகிறவர் பென்சிலால் சுழித்து
ஓரத்தில் கேட்டிருந்தார்:
"காதலி?"

வீட்டுக்காரர் பொன்னுரங்கம்
எதிர்வீட்டில் எங்களைப் பற்றிச் சொல்வார்:
"ஒம்பது வருசம். ஒரு பொம்பளை வந்து போனதில்ல.
தங்கமான பசங்க."
உள்ளறையில் இரண்டு கட்டில்.
ஒன்றின் மேல் துவைத்த துணி,
எட்வினின் ஹெல்மெட், பழைய பில்கள்.
அதில் யாரும் படுத்ததில்லை.

நாவலின் வீட்டுக்காரன்
மெத்தையைத் தூக்கித் தெருவில் போடுகிறான்.
மழை.
அந்தப் பத்தியை எட்வினுக்குப் படித்துக் காட்டினேன்.
தட்டுவடை செட்டைக் கடித்தபடி கேட்டான்,
"இலவம்பஞ்சா, ஃபோமா?"
போடவில்லை என்றேன்.
"பஞ்சுன்னா போச்சு. காயவே காயாது."
பிறகு வெகுநேரம் பேசவில்லை.
வெங்காயத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்.
எட்டாவது கொண்டை ஊசியில்
அவன் தலை என் தோளுக்கு வந்தது.
தூக்கமா, திருப்பமா,
யாரும் கேட்கவில்லை.
அந்த மலைப்பாதையில்
எல்லோரும் எல்லோர் மேலும் சாய்கிறார்கள்,
கண்டக்டர் உட்பட.

ஏரி தெரிந்ததும் நிமிர்ந்துகொண்டான்.
அவன் அக்கா ஜசிந்தா
கேட்டிலேயே நின்றிருந்தாள்,
கையில் காப்பி,
கவரில் ஒரு பெண்ணின் போட்டோ.
"டீச்சர் டிரெயினிங் முடிச்சிருக்கா."
எனக்கும் காட்டினாள்:
"நீயாவது சொல்லேன், நீ சொன்னா கேப்பான்."
நல்ல முகம். அதைத்தான் சொன்னேன்.

அந்தச் சொல்லை அவர்கள் மொழியிலேயே விட்டுவிடலாமா என்று
பதிப்பாளருக்குப் போன் செய்தேன்.
விடலாம், அடிக்குறிப்பு வேண்டும் என்றார்.

எட்வினிடம் கேட்டேன்.
இன்னொரு கட்டிலில்
துணி மடித்துக்கொண்டிருந்தான்.
"ரூம்மேட்னு போடு."
சிரிப்பானென்று பார்த்தேன்.
என் சட்டையை உதறி,
காலரை நீவி,
அவன் சட்டைக்கு மேல் வைத்தான்.

படி இன்னும் மேசையில்தான் இருக்கிறது.